கீழாநெல்லியும் கருவுற்ற தாயின் ஈரலும்



சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரம். மத்தூரில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த மாணவர் ஒருவர் வேகமாக வந்து நின்றார். அவர் இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடைய மனைவி தலைச்சன் பிள்ளைக்குக் கருவுற்று எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்கு வந்திருந்தாள்.

அன்று காலை அவளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் 150-க்கு 100. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. நெஞ்சுக்குழியில் வலி என்று அவள் சொன்னதால் ரத்தமும் சோதித்தார்கள். ஈரலின் நிலையைக் காட்டும் அளவுகள் ஏறியிருந்தன. 'இப்பொழுதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துணிமணியும் பணமும் எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வந்தவர்கள், அங்கே பெரியவர்களின் பேச்சில் தயங்கி நின்றுவிட்டார்கள்.

மாணவர் தம் கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். கர்ப்ப காலத்து ரத்த அழுத்தத்தினால் ஈரலில் தோன்றும் அழற்சியை ஒரு தாவரப் பொருள் தணிக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டதாக அதில் எழுதியிருந்தது.

"ஐயா, நீங்கள் எங்களுக்கு விஞ்ஞானம் நடத்தியவர். இது நம் கீழாநெல்லிதானே? மூன்று நாள் காலையில் அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் மாமியார் சொல்கிறார்" என்றார்.

மூன்று நாள் என்ற சொல் என்னைத் திடுக்கிட வைத்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். "மூன்று நாள் அல்ல, மூன்று நாழிகைகூட வேண்டாம், இப்பொழுதே போ" என்று சொல்லி, நானே 108-க்குத் தொலைபேசியில் பேசி வண்டியை வரவழைத்தேன். விளக்கம் சொல்ல அன்று நேரமில்லை. அந்த விளக்கத்தைத்தான் இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன்; பள்ளிக்கூட வாத்தியார். ஆயினும், கேட்டும் படித்தும் தெளிந்துகொண்டதைப் பிறருக்கு விளங்கச் சொல்வதும் ஒரு வாத்தியாரின் வேலைதானே!

முதலில் நோயை அறிந்துகொள்வோம். கருவுற்று 20 வாரம் கடந்த பிறகு, அதற்கு முன் இயல்பாக இருந்த ரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால், அதைக் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். அதனோடு சிறுநீரில் புரதமும் இறங்கினால், அல்லது ஈரல், சிறுநீரகம், மூளை முதலிய உறுப்புகள் தாக்குண்டால், அது முன்சூல்வலிப்பு என்னும் நோயாகிறது. வலிப்பு வருவதற்கு முந்திய நிலை என்பது இப்பெயரின் பொருள். வலிப்பே வந்துவிட்டால் நம் பாட்டிமார்கள் அதை 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். உலகத்தில் கருவுறும் பெண்களில் நூற்றுக்கு 2 முதல் 8 பேர் வரை முன்சூல்வலிப்புக்கு ஆளாகிறார்கள். தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்கள், இரட்டைப் பிள்ளையைச் சுமப்பவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், முந்திய பேற்றில் இதே நோய் கண்டவர்கள் ஆகியோருக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி.

இந்நோயின் கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் அது ஒரு துன்பமும் தராது. பெண் நடப்பாள், சமைப்பாள், சிரிப்பாள். அழுத்தம் மட்டும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்து அறிய முடியாது; நாடி பிடித்தும் சொல்ல முடியாது. கையில் பட்டையைக் கட்டி, கருவியால் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்நோய் எங்கே பிறக்கிறது? ஈரலில் அன்று, நஞ்சுக்கொடியில். எங்கள் பக்கத்துப் பாரூர் ஏரியை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். ஏரியில் நீர் இருந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் அகலமாகவும் தூர் வாரியும் இருந்தால்தான் கடைமடை வயலுக்கு நீர் எட்டும். கருப்பையின் சுவரில் சுருள் சுருளாகச் சில ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கரு தங்கிய முதல் மாதங்களில், நஞ்சுக்கொடியின் அணுக்கள் அக்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அகலப்படுத்துகின்றன. வாய்க்காலை வெட்டி அகலமாக்குவது போன்ற வேலை அது. சில பெண்களுக்கு இவ்வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழந்தை சிறியதாக இருக்கும் வரை குறுகிய வாய்க்காலே போதும். ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்று குழந்தை வளர வளர, கடைமடையில் தண்ணீர் போதாது. அப்போது பட்டினி கிடக்கும் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் சில பொருள்களை மிகுதியாகக் கலந்துவிடுகிறது.

அப்பொருள்களில் ஒன்றை இனங்கண்டு காட்டியவர்களில் முன் நிற்பவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற டாக்டர் அனந்த் கருமாஞ்சி. அவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகரில் செய்த ஆராய்ச்சியை 2003-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணிக் காக்கும் ஒரு சத்து நம் ரத்தத்தில் உண்டு. அச்சத்தைப் பிடித்து முடக்கிவிடும் ஒரு புரதத்தை, நோயுற்ற நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி வெளிவிடுகிறது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அப்புரதத்தைக் கருவுற்ற எலிகளின் உடலில் மிகுவித்தபோது அவற்றுக்கும் அழுத்தம் ஏறியது. சிறுநீரில் புரதம் இறங்கியது. 2006-இல் அக்குழுவினர் இன்னொரு புரதத்தையும் கண்டார்கள். இரண்டும் சேர்ந்தபோது எலியின் ஈரலும் ரத்த அணுக்களும் கெட்டன.

இனி ஈரலுக்கு வருவோம். உடம்பு முழுவதும் ரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்பட்டுவிட்டதல்லவா? ஈரலினுள் ஓடும் நுண்ணிய குழாய்களும் அதற்குத் தப்புவதில்லை. அங்கே சிறு சிறு ரத்தக் கட்டிகள் படிகின்றன. அவற்றின் இடையே நெருக்கிக்கொண்டு ஓடும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அங்கேயே செலவாகிக் குறைந்துபோகின்றன. ரத்தம் கிடைக்காத ஈரல் அணுக்கள் அழிந்து, அவற்றிலுள்ள நொதிகள் ரத்தத்தில் கலக்கின்றன. ஈரல் வீங்குகிறது, அதைப் போர்த்தியிருக்கும் உறை இழுபடுகிறது. வலப்பக்க விலாவின் கீழும் நெஞ்சுக்குழியிலும் வலி எடுப்பது இதனால்தான். வாந்தியும் வரலாம். இந்த மூன்று கேடுகளும் சேர்ந்த நிலைக்கு 1982-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லூயி வைன்ஸ்டைன் 'ஹெல்ப்' என்று பெயரிட்டார். சிவப்பணுச் சிதைவு, ஈரல் நொதி உயர்வு, தட்டணுக் குறைவு ஆகியவற்றின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. கேட்பவர் காதில் அப்பெயர், உதவி கேட்டுக் கூவும் குரலைப் போலவே ஒலிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்குழி வலி, வாந்தி, சில வேளை கண்ணில் மஞ்சள். இவற்றைப் பார்த்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? 'பித்தம்' என்பார்கள்; 'வாயு' என்பார்கள்; 'காமாலை' என்பார்கள். காமாலை என்ற சொல் வந்தவுடனே, வரப்பில் கிடக்கும் கீழாநெல்லி நினைவுக்கு வரும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆபத்தும் அந்த நியாயத்திலேதான் ஒளிந்திருக்கிறது.

கைபேசியில் வந்த செய்தி பொய்யா? இல்லை. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. மத்தியதரைக் கடற்கரை நாடுகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு முட்செடி இருக்கிறது. ஊதாப்பூப் பூக்கும், இலையில் பால் தெளித்தாற்போல வெள்ளைக் கோடுகள் ஓடும். அதன் விதையிலிருந்து எடுக்கும் சத்தை சிலிமரின் என்றும், அதிலுள்ள முக்கியமான பொருளை சிலிபினின் என்றும் சொல்வார்கள். ஈரலுக்கு என்று மருந்துக் கடைகளில் விற்கும் சில மாத்திரைகளில் சிலிமரின் இருப்பதைக் காணலாம். ஐரோப்பாவில் நச்சுக்காளானைத் தின்று ஈரல் கெட்டவர்களுக்குச் சிலிபினினை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். இதே பொருளைப் பிரேசில் நாட்டில் பொட்டுகாட்டு நகரத்து ஆராய்ச்சியாளர்கள் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு ரசாயனத்தைக் கொடுத்து எலிகளுக்கு ரத்த அழுத்தத்தை உண்டாக்கி, உடன் சிலிபினினும் கொடுத்தபோது, ஈரலின் அழற்சி தணிந்ததாக 2012-இல் எழுதினார்கள். நம் மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருளையும் இவ்வாறே எலிகளில் சோதித்து, அழற்சி குறைந்ததாக வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் செடி கீழாநெல்லி அன்று என்பது இப்போது தெளிவாயிருக்கும். ஆனால் கீழாநெல்லிக்கும் விஞ்ஞானத்தில் ஒரு வரலாறு உண்டு. அது நம் சென்னையில் எழுதப்பட்ட வரலாறு. ஹெப்படைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க அறிஞர் கீழாநெல்லியில் ஈடுபாடு கொண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், அக்கிருமியை உடம்பில் தாங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். பொடி உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொய்ப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1988-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகமே கீழாநெல்லியைத் திரும்பிப் பார்த்தது. நானும் என் வகுப்பில் அச்செடியைக் கொண்டுபோய்க் காட்டிப் பெருமையோடு பாடம் நடத்தியவன்தான். ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பயன் உறுதிப்படவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவர் கண்டதைப் பலர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, நின்றால் கொள்வதும் நில்லாவிட்டால் விடுவதும் விஞ்ஞானத்தின் ஒழுக்கம்.

'என் தாத்தாவுக்குக் காமாலை கண்டபோது கீழாநெல்லியில்தானே தீர்ந்தது?' என்று நீங்கள் கேட்கலாம். கெட்ட நீராலும் உணவாலும் பரவும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். நாம் என்ன கொடுத்திருந்தாலும், இறங்கிய புகழ் கொடுத்த பொருளைச் சேரும். ஆனால் முன்சூல்வலிப்பினால் ஈரல் கெடுவது அத்தகைய காமாலை அன்று. குழந்தை வயிற்றில் இருக்கும் வரை, அது தானாக இறங்கும் என்று காத்திருக்க முடியாது. கருவுற்ற காலத்தில் கிருமியால் வரும் காமாலையும் எளிதாக எண்ணத்தக்கது அன்று. ஹெப்படைடிஸ் இ என்னும் கிருமி, மற்றவர்களை விடக் கருவுற்ற பெண்களுக்கே மிகுந்த உயிராபத்தை உண்டாக்குவது. ஆகையால், எந்தக் காரணத்தால் வந்தாலும், கர்ப்பிணியின் காமாலைக்கு இடம் ஆஸ்பத்திரிதான்.

சரி, எலிக்குப் பயன்பட்டது தாய்க்கு ஏன் பயன்படக்கூடாது? மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதற் காரணம்: எலியின் நோய் நாம் உண்டாக்கிய நோய். இந்த நாளில், இந்த ரசாயனத்தால் என்று குறித்து உண்டாக்கி, மருந்தையும் உடனே கொடுத்துவிடுகிறார்கள். தாயின் நோயோ முதல் மாதங்களிலேயே வேர்விட்டு, எட்டாம் மாதத்தில் வெளியே தலைகாட்டுவது. எலியின் கர்ப்பம் ஏறக்குறைய மூன்று வாரம். தாயின் கர்ப்பம் 40 வாரம்.

இரண்டாம் காரணம்: அழற்சியைத் தணிப்பது வேறு, அதன் காரணத்தை நீக்குவது வேறு. ஓட்டின் மேல் புகை தெரிந்தால் ஓட்டின் மேல் தண்ணீர் தெளிப்போமா? அடுப்பங்கரையில் பற்றிய தீயை அல்லவா அணைப்போம்! நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும் வரை நச்சுப் பொருள்கள் வந்துகொண்டேயிருக்கும். ஆகவேதான் இந்நோய்க்கு முடிவான வைத்தியம் பிரசவமே. நோய் எளிதாக இருந்தால் 37 வாரம் வரை கண்காணித்துக் காப்பார்கள். கடுமையானால், தாயின் உயிரை முன்னிட்டு, மாதம் நிறையுமுன்பே குழந்தையை எடுத்துவிடுவார்கள். அந்த முடிவை எடுக்க ரத்தச் சோதனையும், நாழிகைக்கு நாழிகை கவனிப்பும் வேண்டும். அவை வீட்டில் இல்லை.

மூன்றாம் காரணம்: தாய்க்குக் கொடுப்பது குழந்தைக்கும் போகும். சர்ப்பகந்தா என்னும் நம் நாட்டு மூலிகையின் கதை இதற்குச் சான்று. அதன் வேர் ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதி உலகுக்கு அறிவித்தார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அது உண்மையாகவே அழுத்தத்தைக் குறைத்தது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். ஆனால் பிரசவத்தை ஒட்டி அதை உண்ட தாய்மார்களின் குழந்தைகள், மூக்கடைத்துப் பால் குடிக்க மாட்டாமல் சோர்ந்து கிடந்தன. ஆகவே கர்ப்பிணிகளுக்கு அதை விட்டு, வேறு மருந்துகளுக்கு மாறினார்கள். பயனுள்ள மூலிகைக்கே இந்தக் கதி என்றால், அளவும் தெரியாமல் சேர்க்கையும் தெரியாமல் உண்ணும் சாற்றை என்னென்பது? மூலிகை என்பதாலேயே ஈரலுக்கு நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. சீந்திற்கொடியை உட்கொண்ட சிலருக்கு ஈரல் அழற்சி கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். குழம்பில் இடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் மஞ்சளின் சத்தை வடித்தெடுத்து விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்களும் உண்டு.

இவ்வளவும் சொல்வதால், தாவரங்களால் இந்நோய்க்கு ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ என்ற மர இனத்தின் பட்டையை மேல்நாட்டார் காய்ச்சலுக்கும் வலிக்கும் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தார்கள். அப்பட்டையின் சத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1897-இல் ஜெர்மனியில் ஆஸ்பிரின் செய்தார்கள். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், இந்நோய் வரக்கூடும் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு, முதல் மூன்று மாதம் முடியும் தறுவாயிலிருந்து இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே வரும் முன்சூல்வலிப்பு, மருந்தில்லாத கூட்டத்தில் நூற்றுக்கு 4.3 பேருக்கும், மருந்துண்ட கூட்டத்தில் 1.6 பேருக்கும் வந்தது. நோய் வந்த பிறகு ஈரலைக் குளிர்விக்கும் மருந்து அன்று இது, வருமுன் காப்பது. யாருக்கு வேண்டும், எப்போது தொடங்க வேண்டும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆனாலும், பட்டையிலிருந்து மாத்திரை வரை அது நடந்து வந்த பாதையைப் பாருங்கள். அளந்து, பிரித்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து, பிறகே கர்ப்பிணியின் கைக்கு வந்தது. கீழாநெல்லியும் சிலிபினினும் அந்தப் பாதையில் இன்னும் வெகுதூரம் நடக்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊர்க் கேழ்வரகு. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த பெண்களுக்கு அதை ஈடு செய்தால் முன்சூல்வலிப்பு குறைகிறது. நமக்கு அண்டையிலுள்ள பெங்களூரில், தலைச்சன் பிள்ளைக்குக் கருவுற்ற 11,000 பெண்களிடம் செய்த ஆராய்ச்சி 2024-இல் வெளியாயிற்று. நாளைக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 1,500 மில்லிகிராமுக்குச் சளைத்ததன்று என்று அதில் தெரிந்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எங்கள் பக்கத்தில் களியை ஏழை உணவென்று இளையவர்கள் ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். கருவுற்ற பெண் களியும் உண்ணட்டும்; கிராம நர்ஸ் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் விடாமல் உண்ணட்டும். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரே வேளையில் மட்டும் உண்ணலாகாது. ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது.

நோய் முற்றியவர்களுக்கோ, ஆஸ்பத்திரியில் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளோடு மெக்னீசியம் சல்பேட்டு ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் 10,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2002-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த ஊசி வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

இனி, மூன்று நாள் என்ற சொல் என்னை ஏன் திடுக்கிட வைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

1970-ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பதினோரு வயது. என் அக்காள் தலைச்சன் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். முகம் ஊதியிருந்தது, தாய்வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஒரு நாள் நெஞ்சுக்குழியில் வலி என்றாள்; வாந்தி எடுத்தாள்; தலை பிளக்கிறது என்றாள். எங்கள் ஆயா அவள் கண்ணை இழுத்துப் பார்த்து, "மஞ்சள் தட்டுகிறது, பித்தந்தான். மூன்று நாள் கீழாநெல்லி கொடுத்தால் இறங்கிவிடும்" என்றார். ஆயாவின் கைவைத்தியத்தில் எத்தனையோ பேருக்குச் சுகம் கண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுத்தம் பார்க்கும் கருவியை எங்கள் வீட்டில் அன்று ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

மூன்று நாளும் விடியற்காலையில் வரப்புக்குப் போய்க் கீழாநெல்லி பறித்து வந்தவன் நான். ஆயா மோரில் அரைத்துக் கொடுத்தார். பத்தியம் என்று உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள். நான்காம் நாள் காலையில் அக்காளுக்கு வலிப்புக் கண்டது. மாட்டு வண்டியைப் பூட்டினார்கள். வண்டி பாதி வழியில் திரும்பி வந்தது.

கீழாநெல்லி அவளைக் கொல்லவில்லை என்பதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவளை இழக்கச் செய்தது அந்த மூன்று நாள். செடி ஒரு தீங்கும் செய்யாமலே இருக்கலாம். ஆனால் செடியை நம்பிக் காத்திருக்கும் பொழுதில் நோய் காத்திருப்பதில்லை. இவ்வளவு ஆண்டுகள் கழித்து இந்தத் துயரத்தை உங்கள் முன் எடுத்துச் சொல்வது, வேறொரு வீட்டுப் பையன் விடியற்காலையில் வரப்புக்கு ஓடக் கூடாது என்பதற்காகவே.

காலம் இப்போது மாறியிருக்கிறது. 2018 முதல் 2020 வரைக்குமான கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் தாய்மார் 54 பேர் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் அது 97. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்து, எங்கே தாமதம் நேர்ந்தது என்று அறியும் வழக்கம் நம் மாநிலத்தில் உண்டு. 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. கிருஷ்ணகிரியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016 முதல் நடக்கிறது. கருவி இருக்கிறது, வண்டி இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. எஞ்சியிருப்பது நம் வீட்டுத் தாமதம் ஒன்றுதான்.

எங்கள் எல்லைப் புறத்துக்கு மட்டும் உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் மூன்று மாநிலங்களிலும் நடக்கிறது. கணவன் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை செய்வான். மாதாமாதப் பரிசோதனை அங்கே நடக்கும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவோம். இந்நோய் தலைகாட்டுகிற மாதங்களும் அவைதாம்! பெண் வந்துவிடுவாள், அவளுடைய தாய்சேய் நல அட்டை அங்கேயே அலமாரியில் தங்கிவிடும். இங்குள்ள நர்ஸுக்கு அவளுடைய பழைய அழுத்தம் எவ்வளவு என்று தெரியாது. ஆகவே சீர்வரிசைத் தட்டுகளோடு அந்த அட்டையையும் மறவாமல் எடுத்து வாருங்கள். பெண் வந்து இறங்கிய மறுநாளே உள்ளூர்க் கிராம நர்ஸிடம் காட்டி, அழுத்தம் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஓயாத தலைவலி, கண் மங்குதல் அல்லது கண்ணில் பொறி பறத்தல், நெஞ்சுக்குழியிலோ வலப்பக்க விலாவின் கீழோ வலி, பிந்திய மாதங்களில் புதிதாக வரும் வாந்தி, முகமும் கையும் திடீரென ஊதுதல், சிறுநீர் குறைதல். இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே அழுத்தம் பார்க்க வேண்டும். இரவானாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை பிறந்துவிட்டது என்று அயர்ந்துவிடவும் கூடாது. பிரசவத்துக்குப் பிறகும், சிறப்பாக முதல் சில நாள்களில், இந்நோய் வரக்கூடும்.

மாமியார்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கைவைத்தியத்தை நான் இகழவில்லை. பெண்ணின் முகம் ஊதியதை முதலில் பார்ப்பவர்கள் நீங்கள். அவள் சோறு இறங்காமல் எழுந்து போவதை முதலில் அறிபவர்களும் நீங்கள். அந்தக் கண்ணுக்கு இணையான கருவி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. கண்டதும் அம்மிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதுதான் நான் கேட்பது.

என் மாணவரின் மனைவிக்கு அன்று இரவே ஊசி போட்டார்கள். மறுநாள் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட நிறையவில்லை. சில வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சென்ற மாதம் அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கூட மாமியாரும் வந்திருந்தார். தோட்டத்து ஓரத்தில் கீழாநெல்லி தளதளவென்று வளர்ந்திருந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அன்றைக்கு நான் மூன்று நாள் கேட்டேனே, ஐயா!" என்றார்.

நான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.